இன்ஜின் எடுக்கும் முன் ‘தோவாளை’ என்று எழுதிப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து கேம் செய்யப் பழக வரும் பிள்ளைகளோடு வார இறுதிகளில் உட்காருவது என் வழக்கம். வருடா வருடம் முகம் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. அவற்றில் பாதி எங்கள் செட்டும் செய்ததுதான். அதனால் வாயைத் திறக்கும் முன்னே தெரிந்துவிடுகிறது. பேக்கப் எடுக்கவில்லை, டிஸ்க்கில் இடமில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அதைத் தானாகவே கற்றுக்கொள்வார்கள். இன்ஜினை, அதாவது கேமைச் செய்ய உதவும் மென்பொருளை, தேர்ந்தெடுக்கும் இடத்தில் நடக்கும் சறுக்கல்கள், அதிலும் பல மாதம் கழித்தே தெரியவருபவை, அவற்றை மட்டும் பார்ப்போம்.

குளச்சல் போரை ஓப்பன் வேர்ல்டாக எடுப்பது

முதல் கேமிலேயே எங்கு வேண்டுமானாலும் சுற்றித் திரியும் பெரிய உலகமா? இப்போது வேண்டாம். அந்தப் போர் நடந்த 1741 எங்கும் போய்விடாது.

ஷோரீலைப் பார்த்து அன்ரியலை இறக்குவது

அன்ரியல் என்ற இன்ஜினின் 5ஆம் பதிப்பு வந்தது 2022 ஏப்ரலில். அதற்கப்புறம் என்னிடம் வரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது அதன் விளம்பர வீடியோவில் (ஷோரீல்) வரும் பாறையும் வெளிச்சமும்தான் கண்ணில் நிற்கிறது. அதைச் செய்யும் எபிக் நிறுவனம் தானே பரிந்துரைக்கும் கணினி 32 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் கொண்டது. பிள்ளைகளின் கையில் இருப்பது 8 ஜிபி லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இரவெல்லாம் இறக்கி, மறுநாள் ஷேடர் (திரையில் ஒளி, நிறம் வரையும் நிரல்) கம்பைல் ஆகும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அடுத்த கட்டம், வளைகுடாவில் இருக்கும் அப்பாவிடம் கேமிங் லேப்டாப் கேட்பது. லேப்டாப் வந்துவிடும். கேம் வராது.

அன்ரியல் மோசம் என்று சொல்ல வரவில்லை. புனேயில் ஒரு சிறிய குழு அதை வைத்துத்தான் ‘ராஜி’ என்ற கேமைச் செய்து 2020இல் வெளியிட்டது. ஆனால் அது வேலை தெரிந்தவர்கள் சேர்ந்த குழு. உங்கள் முதல் கேமை விளையாடப் போகிறவர்கள் யார்? சித்தி பையன், வகுப்புத் தோழி, டியூஷன் பிள்ளைகள். அவர்கள் கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோன். லிங்க் அனுப்பினால் பிரவுசரிலேயே ஓடினால் இன்னும் நல்லது. அன்ரியலில் அந்த வழி இல்லை. பிரவுசரில் ஓடும்படி கேமை வெளியே எடுக்கும் வெப் எக்ஸ்போர்ட்டை 4.24 பதிப்போடு இன்ஜினில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

பழைய லேப்டாப் என்றால் கோடோ என்ற இலவச இன்ஜினை எடுத்து, புது புராஜெக்ட் தொடங்கும்போதே ரெண்டரராக (படத்தைத் திரையில் வரையும் பகுதி) ‘கம்பாட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள். 200 எம்பிக்குள் இறங்கிவிடும், இன்ஸ்டால்கூட வேண்டாம். லேப்டாப்பே இல்லாதவர்களுக்கு அதன் எடிட்டர் ஆண்ட்ராய்டிலும் ஓடும். விரலால் நோண்டுவது கஷ்டம்தான், ஆனாலும் ஓடும்.

வராத வருமானத்துக்கு வரிக்கணக்கு பார்ப்பது

2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற இன்னொரு இன்ஜினின் நிறுவனம் ‘ரன்டைம் கட்டணம்’ என்று ஒன்றை அறிவித்தது. இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் என்றதும் உலகம் முழுக்கக் கேம் செய்பவர்கள் கொந்தளித்தார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். அக்டோபரில் தலைமை அதிகாரி பதவியை விட்டார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். நடுவில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்றால், ஒரு காட்சிகூட முடிக்காத பையன்கள் யூனிட்டியை அழித்துவிட்டு வேறு இன்ஜினுக்கு ஓடினார்கள். இலவசப் பதிப்பில் அந்தக் கட்டணம் தொடங்கும் என்று முதலில் அறிவித்ததே 2 லட்சம் டாலர் வருமானமும் 2 லட்சம் இன்ஸ்டாலும் தாண்டிய பிறகுதான். அன்ரியலின் 5 சதவீதப் பங்கும் ஒரு கேம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான். அந்தக் கவலை வந்தால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், சந்தோஷமாகச் சேர்ந்து கவலைப்படலாம்.

நிறுவனத்தின் குணம் பிடிக்காமல் மாறுவது வேறு விஷயம். கோடோ 2014இல் எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலமாக வந்தது. பங்கு, கட்டணம் எதுவும் இல்லை. அதற்காக அதைத் தேர்ந்தெடுத்தால் சரி. செய்தியைப் படித்துப் பயந்து ஓடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தமிழைக் கடைசிக்கு வைப்பது

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றுக்காகத்தான்.

முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன். வள்ளத்தில் கடலுக்குப் போகும் தாத்தாவுக்கும் கரையில் இருக்கும் பேத்திக்கும் நடக்கும் பேச்சுதான் அவன் கேம். படம் அவனே வரைந்தான், கொள்ளாம் என்று எல்லோரும் சொன்னோம். அலை வரும் விதம், விளக்கு மங்கும் விதம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். வசனம் மட்டும் தற்காலிகமாக ஆங்கிலத்தில் இருந்தது. “கடைசில தமிழ்ல மாத்திக்கிடலாம் அண்ணே” என்றான். கதை முழுக்க முடிந்த பிறகு தமிழை ஒட்டினான். ‘பேத்தி’யின் இரட்டைக் கொம்பு ‘ப’வைத் தாண்டிப் போய் ‘த்’துக்கு முன்னால் நின்றது. ‘கு’ இரண்டு துண்டாக உடைந்தது. தாத்தா பேசியது ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் தமிழ் உச்சரிக்கும் வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. ‘பே’ என்றால் முதலில் ‘ப’, அப்புறம் இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும், ‘கு’வுக்குத் தனி வடிவத்தை எடுத்துப் போட வேண்டும். இந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். ஃபோனிலும் பிரவுசரிலும் அது சத்தமில்லாமல் நடந்துவிடுவதால் அப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தான் அதைச் செய்கிறது. கேம் இன்ஜின் எழுத்தைத் தானே வரைகிறது. உள்ளே ஷேப்பிங் இல்லை என்றால், வந்த வரிசையிலேயே துண்டுகளை அடுக்கிவிட்டுப் போய்விடும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல எழுத்துருவைப் போட்டாலும் அதே கோலம்தான்.

அவனும் எழுத்துருவைத்தான் முதலில் மாற்றிப் பார்த்தான். அப்புறம் யாரோ பாமினி யோசனை சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய முறை. திரையில் தமிழ் சரியாக வந்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் விளையாடுபவர் பெயரைக் கேட்கும் பெட்டியில் ஃபோன் கீபோர்டில் இருந்து பெயர் யூனிகோடாக வந்தது, அது தெரியவில்லை. வசனக் கோப்பைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். பிழை பார்த்துத் தர ஒத்துக்கொண்ட தமிழ் டீச்சர், இதை எப்படித் தம்பி படிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஒவ்வொரு வசனத்தையும் படமாக மாற்றத் தொடங்கினான். ஒரு ஒற்று விட்டுப்போனால் ஒரு படம் புதிதாக. அதற்குள் இறுதியாண்டுத் தேர்வு வந்துவிட்டது. கேம் அங்கேயே நின்றது. தாத்தாவும் பேத்தியும் இன்ஸ்டாகிராமில் மட்டும் இருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் அந்தப் பையன் மேல் அல்ல. அரைமணி நேரச் சோதனை ஒன்றை எந்தப் பாட வீடியோவும் சொல்லித் தருவதில்லை. அவற்றைச் செய்கிறவர்களுக்கு ஆங்கிலம் போதும். நம் பிள்ளைகளும் தமிழ்தானே, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். அவனுக்கு அப்புறமும் இதே கதையோடு வந்தார்கள், இந்த வருடமும் வந்திருக்கிறார்கள்.

எந்த இன்ஜினில் என்ன நிலைமை? கோடோ 4இல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, தமிழ் ஒழுங்காக வரும். கோடோ 3இல் வராது. அன்ரியலிலும் ஷேப்பிங் உண்டு. யூனிட்டியில் எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற எழுத்துக் கருவி தானாகக் கொம்பை நகர்த்தாது. யூனிட்டி 6இல் யுஐ டூல்கிட் என்ற, பொத்தான், மெனு செய்யும் பகுதிக்குள் புது டெக்ஸ்ட் ஜெனரேட்டர் வந்திருக்கிறது, அது ஹார்ஃப்பஸ் வழியாகப் போகிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் பாடத்தில் அது இருக்காது. வசனமே பிரதானமான கதைக் கேம் என்றால் ரென்பை என்ற இன்ஜினின் அண்மைப் பதிப்புகளைப் பாருங்கள், அவற்றிலும் ஷேப்பிங் சேர்ந்துவிட்டது. ஃபேசர் போலப் பிரவுசரில் ஓடுபவை சாதாரண டெக்ஸ்ட்டைப் பிரவுசரிடமே விட்டுவிடுகின்றன, அதனால் பிரச்சினை இல்லை. எழுத்தைப் படத்துண்டுகளாக வைத்திருக்கும் பிட்மேப் எழுத்துருவுக்குப் போனால் பழைய கதை திரும்பிவிடும்.

சோதனை இதுதான். இன்ஜினை இறக்கிய அன்றே ஒரு காலிக் காட்சி, நடுவில் ஒரு லேபிள் (எழுத்தைக் காட்டும் பெட்டி). அதில் எழுதுங்கள்: தோவாளை, குளச்சல், கொல்லங்கோடு, நாகர்கோவில், ஸ்ரீ. ‘தோவாளை’யில் இரட்டைக் கொம்பும் ஐகாரக் கொம்பும் இருக்கின்றன, ‘குளச்சல்’ உகரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எடிட்டரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஃபோனுக்கும் வெப்புக்கும் எக்ஸ்போர்ட் செய்து அங்கே பாருங்கள். கோடோவில் எழுத்துரு எதுவும் சேர்க்காவிட்டாலும் கணினியில் தமிழ் தெரியும், ஏனென்றால் விண்டோஸில் இருக்கும் எழுத்துருவைக் கடன் வாங்கிக்கொள்ளும். வெப்பில் கடன் கொடுக்க ஆளில்லை, பெட்டி பெட்டியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைக் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். டிடிபி கடையில் பென் டிரைவில் கிடைத்தது வேண்டாம், யாருடைய உரிமை என்று தெரியாது.

அப்படியே வசனம் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு போல வரும் வித்தையையும் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் முதலில் ‘க’ வந்து, அடுத்த நொடியில் அது ‘கொ’ என்று மாறும். கோடோவில் இதற்கு ஷேப்பிங்குக்கு முன்னா பின்னா எண்ணுவது என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மற்றவற்றில் சொல் சொல்லாக வரவைப்பதே சுலபம்.

பழைய பாடம், புதிய பதிப்பு

கோடோ 4 வந்தது 2023 மார்ச்சில். யூடியூபில் அதற்கு முந்தைய பாடங்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. பாத்திரத்தை நகர்த்தும் கைனமேட்டிக்பாடி2டி என்று ஆசிரியர் சொல்வார், உங்கள் பட்டியலில் அது இருக்காது. இப்போது அதன் பெயர் கேரக்டர்பாடி2டி. கட்டளைகளில் ‘யீல்ட்’ போய் ‘அவெய்ட்’ வந்துவிட்டது, ‘மூவ் அண்ட் ஸ்லைட்’ இப்போது அடைப்புக்குள் எதையும் வாங்குவதில்லை. பிள்ளைகள் தங்களுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடுகிறார்கள். வீடியோவில் எடிட்டரின் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். எந்தப் பதிப்பில் தொடங்கினீர்களோ அதே பதிப்பில் முடியுங்கள்.

கோட் இல்லாத இன்ஜினைக் கேவலமாக நினைப்பது

எதற்கு? ஜிடெவலப் என்ற அப்படிப்பட்ட இன்ஜினில் ஒரு வாரத்தில் முடித்த பூ வரிசைப்படுத்தும் கேமை இன்றும் என் ஃபோனில் வைத்திருக்கிறேன். முடிந்த கேம் அது.

பாதியில் இன்ஜின் மாற்றுவது

முடித்துவிட்டு மாற்றுங்கள்.

வெளியிடும் இடத்தைக் கடைசியில் யோசிப்பது

பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர், ஒரே தடவை. அதோடு முடியவில்லை. 2023 நவம்பர் நடுவுக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் பொதுவில் விட விண்ணப்பிக்கவே முடியும். ‘அண்ணே, நாளைக்கு ரிலீஸ்’ என்று போஸ்டர் போட்ட பிறகு இது தெரிந்தவர்கள் உண்டு. கேமை எழுதும்போதே அந்த 12 பேரைச் சேர்த்து வையுங்கள்.

கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் பணம் இல்லாமல் வெப் கேமாகப் போடலாம், முதல் கேமுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம். கல்லூரியில் சி ஷார்ப் மொழி படித்தோமே என்று கோடோவில் அதையே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோடோ 4இல் சி ஷார்ப்பில் எழுதிய கேமை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்ய இதுவரை வழி தரவில்லை. வெப்தான் இலக்கு என்றால் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் தொடங்குங்கள். பைதான் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.