முகிமோ: கென்ய மேட்டுநிலத்து உருளைக்கிழங்கு மசியல்

கென்யா மலையைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் வாழும் கிகுயு மக்களின் வீட்டுச் சாப்பாடு முகிமோ. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பச்சைப் பட்டாணி, பூசணி இலை நான்கையும் ஒரே பானையில் வேகவைத்து மசித்தால் முகிமோ. இதையே 'இரியோ' என்றும் சொல்வார்கள். கிகுயு மொழியில் அதற்குச் சாப்பாடு என்றே பொருள். அன்றாடம் உண்பதுதான் என்றாலும், பரிசம் பேசும் 'ரூராசியோ' விருந்திலும் இதற்குத் தனி இடம் உண்டு. மசாலா எதுவும் கிடையாது. அதனால் காய்களின் தரமும் மசிக்கும் பக்குவமும்தான் ருசியைத் தீர்மானிக்கும்.

நான்கு பேருக்குத் தேவையானவை: உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, மக்காச்சோளம் 2 கதிர், பச்சைப் பட்டாணி 1 கப், இளம் பூசணி இலை 15, பெரிய வெங்காயம் 1, வெண்ணெய் அல்லது எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு.

சோளத்தில் கவனம் வேண்டும். கென்யாவில் போடுவது வெள்ளை மக்காச்சோளம். மாவுச்சத்து நிறைந்தது, வெந்த பிறகும் கடிபடும். ஸ்வீட் கார்ன் போட்டால் முழு மசியலும் இனித்துவிடும். நான் முதல் தடவை அதைத்தான் போட்டேன். பக்கத்தில் வைத்த இறைச்சிக் குழம்போடு சேரவே இல்லை. நாட்டு மக்காச்சோளக் கதிரை வாங்கி உதிர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை இலை. மஞ்சள் பூசணிக் கொடியின் நுனியில் இருக்கும் இளம் இலைகளாகப் பறியுங்கள். காம்பை ஒடித்து மெதுவாக இழுத்தால் நார் உரிந்து வரும். அதை எடுக்காவிட்டால் தொண்டையில் சிக்கும். அலசிப் பொடியாக நறுக்கி வையுங்கள். பூசணி இலை கிடைக்காவிட்டால் பசலைக்கீரை போதும். கிகுயு வீடுகளில் 'தபாய்' என்ற காஞ்சொறி வகைக் கீரையும் போடுவார்கள்.

அடுத்து, சோளத்தை மட்டும் குக்கரில் தண்ணீர் மூழ்க ஊற்றி 5 விசில் விடுங்கள். ஆவி அடங்கியதும் சோளத்தைத் தண்ணீரோடு அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றி, தோல் சீவி நான்காக வெட்டிய உருளைக்கிழங்கும் உப்பும் சேருங்கள். கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும். கிழங்கு பாதி வெந்ததும் பட்டாணியைப் போடுங்கள். கத்தி சுலபமாக இறங்கும் பதம் வந்ததும், மேலே இலையைப் பரப்பி மூடி 5 நிமிடம் விடுங்கள். இலை சுருங்கினால் சரி.

இப்போது தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள், கொட்டிவிடாதீர்கள். பாத்திரத்தை ஒரு நிமிடம் சிறு தீயில் வைத்து ஈரத்தை வற்றவிட்டு, சூடு ஆறுவதற்குள் மரமத்தால் மசியுங்கள். ஆறினால் கட்டி தட்டும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். அதன் வேகத்தில் கிழங்கின் மாவு பசைபோல இழுக்கும். கடைவதைவிட மேலிருந்து அழுத்துவது நல்லது. கிழங்கும் பட்டாணியும் இலையும் கலந்து இளம்பச்சையாகும், சோள மணிகள் மட்டும் முழுசாக நிற்கும். அந்த மணிகள் பல்லில் படுவதுதான் முகிமோ. இறுக்கமாகத் தோன்றினால் வடித்த தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்தால் சரியாமல் குவியலாக நிற்க வேண்டும்.

அப்புறம் வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி மசியலில் புரட்டுங்கள். வெங்காயம் இல்லாமலும் செய்வதுண்டு. எனக்கு இருந்தால்தான் பிடிக்கும்.

கிகுயு மக்கள் பட்டாணிக்குப் பதில் 'ந்ஜாஹி' என்ற கறுப்பு மொச்சையைப் போட்டும் மசிப்பார்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அந்த மொச்சையை ஊட்டமான உணவென்று கொடுப்பார்கள். நம் அவரையும் அதே செடியினம்தான். அதைப் போடுவதென்றால் முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தனியாக வேகவைத்துச் சேருங்கள்.

தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, சூடான ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றுங்கள். தீயில் வாட்டிய இறைச்சியான 'ந்யாமா சோமா'வும் இதற்குப் பொருத்தமான துணை.