கொண்டைக்கடலை மெத்துனு வேகணுமா? தக்காளிய கடைசியில போடுங்க

மூணு வாரம் தொடர்ந்து எனக்கு கொண்டைக்கடலை வேகவே இல்ல. ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில வெங்காயம் தக்காளி மசாலா எல்லாத்தையும் கடலையோட சேர்த்து ஒரே குக்கர்ல போட்டு எட்டு விசில், பத்து விசில், அப்புறம் பன்னெண்டு விசில்னு ஏத்திக்கிட்டே போனேன், தக்காளி இருந்த இடமே தெரியல, வெங்காயம் கரைஞ்சே போச்சு, கடலை மட்டும் பல்லுல நறுக்குனு நிக்குது. கேஸ்கட் போயிருக்கும்னு நினைச்சு புதுசு மாத்தினேன். கடலை பழசா இருக்கும்னு வேற பாக்கெட் வாங்கினேன். ஒண்ணும் மாறல.

அப்புறம்தான் ஒரு சின்ன சோதனை பண்ணினேன். ஒரே பாக்கெட் கடலை, ஒரே மாதிரி ஊற வெச்சது, அத ரெண்டு சின்ன கிண்ணத்துல பிரிச்சு ஒண்ணுல வெறும் தண்ணி, இன்னொண்ணுல அதே அளவு தண்ணியோட ரெண்டு தக்காளி அரைச்சு ஊத்தி, ரெண்டு கிண்ணத்தையும் ஒரே குக்கருக்குள்ள வெச்சு வேக விட்டேன். தண்ணி கிண்ணத்துல இருந்தத விரலால நசுக்கினா மாவா போச்சு. தக்காளி கிண்ணத்துல இருந்தது அப்படியே விறைப்பா இருந்துச்சு. குக்கர் மேலயும் தப்பில்ல, கடலை மேலயும் தப்பில்ல, புளிப்ப எப்ப சேர்க்கிறோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

காரணம் இதுதான். கடலையோட செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சிருக்கிறது பெக்டின்ங்கிற பொருள். அது சூட்டுல கரைஞ்சாதான் கடலை மெத்துனு ஆகும். தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர்னு புளிப்பு எது சேர்ந்தாலும் பெக்டின் கரையறது ரொம்ப மெதுவாயிடும். அதனால முதல்ல வெறும் தண்ணியில முழுசா வேக வெச்சு எடுத்துட்டு, அப்புறம்தான் தக்காளிப் பக்கமே போகணும். இந்தப் பதிவுல நான் சொல்லப்போற கடலைக் கீரைக் குழம்பும் அந்த வரிசையிலதான் வரும்.

தேவையானது (நாலு பேருக்கு)

கொண்டைக்கடலை 1 கப், அதாவது கிட்டத்தட்ட 200 கிராம். பெரிய வெங்காயம் 2, நல்லா பழுத்த தக்காளி 3, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு சின்னத் துண்டு, கீரை ரெண்டு கைப்பிடி (எந்தக் கீரையா இருந்தாலும் சரி), சீரகம் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு, அரை எலுமிச்சை. அவ்வளவுதான், கரம் மசாலா இருந்தா ஒரு சிட்டிகை போடலாம், இல்லாட்டி ஒரு குறையும் தெரியாது.

1. ஊறப்போடறது

கடலைய கழுவி, 1 லிட்டர் தண்ணியில 2 டீஸ்பூன் உப்பு கரைச்சு அதுல 8 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் ஊற விடுங்க. ஆமா, உப்பு போட்டுத்தான். "உப்பு போட்டா கடலை வேகாது"னு நானும் ரொம்ப காலமா நம்பிட்டு இருந்தேன், ஆனா நடக்கிறது நேர் எதிர். கடலைத் தோலுல இருக்கிற பெக்டின இறுக்கிப் பிடிச்சிருக்கிறது கால்சியமும் மக்னீசியமும், உப்புல இருக்கிற சோடியம் அதுங்க இடத்துல போய் உக்காந்துக்கும், அதனால தோல் இளகி நல்லா வேகும், தோல் கிழிஞ்சு தனியா மிதக்கிறதும் குறையும்.

கடலை நல்லா உப்பி ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடும், அதனால பெரிய பாத்திரமா எடுங்க. வெயில் காலத்துல வெளியில வெச்சா காலையில நுரைச்சு ஒரு மாதிரி வாடை வரும், அப்ப ஃப்ரிட்ஜுல வெச்சு ஊற விடறதுதான் நல்லது.

ராத்திரி மறந்துட்டீங்களா? கடலைய தண்ணியில போட்டு ரெண்டு மூணு நிமிஷம் தளதளனு கொதிக்க விட்டு, அடுப்ப அணைச்சு, மூடி 1 மணி நேரம் அப்படியே விடுங்க. ராத்திரி ஊறின அளவுக்கு வராது, ஆனா வேலை நடக்கும்.

ஊறின தண்ணிய கொட்டிட்டு நல்லா அலசிடுங்க. கடலை சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கும்னு சொல்றவங்களுக்கு இது முக்கியம், வாயு உண்டாக்கற சர்க்கரைகள்ல கொஞ்சம் அந்தத் தண்ணியோட போயிடும்.

2. வேக வைக்கிறது (இங்க அவசரமே கூடாது)

குக்கர்ல ஊறின கடலை, மூணு கப் புதுத் தண்ணி, அரை டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் எண்ணெய். வேற எதுவும் வேண்டாம். எண்ணெய் எதுக்குன்னா நுரைய அடக்கறதுக்கு. கடலையும் பருப்பும் பயங்கரமா நுரைக்கும், நுரை போய் விசில் துவாரத்த அடைச்சா ஆபத்து, அதனால குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பவே நிரப்பாதீங்க. 1 கப் கடலைக்கு 3 லிட்டர் குக்கர் சரியா இருக்கும், 2 கப் போடறதா இருந்தா 5 லிட்டர் வேணும்.

விசில் எண்றதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. பெரிய தீயில நாலு விசில் மூணு நிமிஷத்துல வந்துடும், சின்ன தீயில அதே நாலு விசிலுக்கு அரை மணி நேரம் ஆகும், குக்கருக்கு குக்கர் வேற மாறும், அப்புறம் "ஆறு விசில்"னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நேரத்தப் பாருங்க. முதல் விசில் வந்ததும் தீய நல்லா குறைச்சு அதுல இருந்து 15 நிமிஷம், அப்புறம் அடுப்ப அணைச்சு ஆவி தானா அடங்கற வரைக்கும் தொடாதீங்க. அந்த அடங்கற நேரத்துலயும் கடலை உள்ள வெந்துக்கிட்டேதான் இருக்கும். விசில தூக்கி ஆவிய பிடுங்கி விட்டா தோல் வெடிச்சுடும், கஞ்சி மாதிரி நுரை மேல தெறிக்கும், கை சுடும்.

குக்கர் இல்லன்னா அடி கனமான பாத்திரத்துல மூடி போட்டு சின்ன தீயில வேக விடுங்க, 1 மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், நடுவுல தண்ணி குறைஞ்சா சுடுதண்ணியா ஊத்துங்க. திறந்த பாத்திரத்துல தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் 100 டிகிரி செல்சியஸ தாண்டாது, குக்கருக்குள்ள அழுத்தத்தால 120 கிட்ட போகும், நேர வித்தியாசம் அதனாலதான்.

வெந்துச்சான்னு பார்க்க ஒரே ஒரு கடலைய எடுத்துப் பார்க்காதீங்க, அஞ்சாறு எடுங்க, மேல இருந்து, அடியில இருந்து, நடுவுல இருந்து. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு லேசா அமுக்கினா எதிர்ப்பே இல்லாம நசுங்கணும், உள்ள மணல் மாதிரி நெருநெருனு இருக்கக் கூடாது. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் மூடி இன்னும் 5 நிமிஷம் வைங்க. "குழம்புல கொதிக்கும்போது மிச்சம் வெந்துடும்"னு நினைச்சுத்தான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். தக்காளிக்குள்ள போன பிறகு கடலை எந்தப் பதத்துல இருக்கோ கிட்டத்தட்ட அங்கயே நின்னுடும்.

வேக வெச்ச தண்ணிய தயவு செஞ்சு கொட்டாதீங்க, குழம்போட ருசியும் கெட்டித்தன்மையும் அதுலதான் இருக்கு.

3. தாளிச்சு வதக்கறது

அகலமான பாத்திரத்துல எண்ணெய் காய வெச்சு சீரகம் போட்டு பொரிய விடுங்க, பொடியா நறுக்கின வெங்காயம் ஒரு சிட்டிகை உப்போட போடுங்க, நடுத்தரத் தீயில 10 நிமிஷம், பொன்னிறம் வர்ற வரைக்கும். தட்டின இஞ்சி பூண்டு போட்டு பச்சை வாடை போனதும் தூள்கள போட்டு அரை நிமிஷம் கிளறிட்டு உடனே நறுக்கின தக்காளி. தூள் கருகினா கசப்பு வந்துடும், அதனால தக்காளிய முன்னாடியே நறுக்கி பக்கத்துல வெச்சுக்கோங்க.

தக்காளி மசிஞ்சு ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வரணும், அதுக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும்.

பாத்திரம் பத்தி ஒரு வார்த்தை. இதுக்கு நான் அடி கனமான எவர்சில்வர் பாத்திரம்தான் எடுப்பேன். இரும்புச் சட்டி வதக்கறதுக்கு எனக்கு உயிர், ஆனா தக்காளி ரொம்ப நேரம் அதுல கிடந்தா குழம்பு கறுத்து உலோக ருசி ஏறிடும். வெறும் அலுமினியத்துலயும் புளிப்பு சமைக்கறத நான் நிறுத்திட்டேன்.

4. சேர்க்கிறது

வெந்த கடலைய அதோட தண்ணியோட ஊத்துங்க. ஒரு கரண்டி கடலைய மட்டும் தனியா எடுத்து மத்தால நல்லா மசிச்சு திரும்ப சேருங்க, மாவு, தேங்காய், க்ரீம் எதுவுமே இல்லாம குழம்பு கெட்டியாகும். உப்பு பார்த்துட்டு சின்ன தீயில 10 நிமிஷம். கழுவி நறுக்கின கீரைய போட்டு மூடாம ரெண்டு மூணு நிமிஷம், கீரை சுருங்கினதும் அடுப்ப அணைச்சுடுங்க.

எலுமிச்சைய இறக்கின பிறகு பிழியுங்க. ருசிக்கு மட்டும் இல்ல, கடலையிலயும் கீரையிலயும் இருக்கிற இரும்புச்சத்த உடம்பு அவ்வளவு சுலபமா எடுத்துக்காது, கூடவே வைட்டமின் சி இருந்தா நிறைய எடுத்துக்கும். அந்த வைட்டமின் சூட்டுல அழியற சாமான், அதனால கொதிக்கிறதுல பிழிஞ்சா பாதிப் பலன் போயிடும். ஆரம்பத்துல போட்டா கெடுக்கற அதே புளிப்பு கடைசியில போட்டா இவ்வளவு நல்லது பண்ணுது. 100 கிராம் வெந்த கடலையில 9 கிராம் கிட்ட புரதமும் 7 கிராமுக்கு மேல நார்ச்சத்தும் இருக்கு, சோறோ சப்பாத்தியோ கூட இருந்தா நிறைவான ஒரு வேளைச் சாப்பாடு.

அப்டேட் 1: "தக்காளி போடாமலே வேகல"

இந்தக் கேள்வி நிறைய பேர் கிட்ட இருந்து வந்துச்சு. விசாரிச்சா பல பேர் வீட்டுல போர் தண்ணி. கெட்டில் அடியில வெள்ளையா படியுதா, சோப்பு நுரைக்க மாட்டேங்குதா, அப்ப உங்க தண்ணி கடினத் தண்ணி. இத நாம உப்புத் தண்ணினு சொல்றோம், ஆனா அந்தப் படிவுக்குக் காரணம் சமையல் உப்பு இல்ல, கால்சியமும் மக்னீசியமும்தான், அதாவது பெக்டின இறுக்கற அதே ஆளுங்க. ஊறப்போடறதுக்கும் வேக வைக்கிறதுக்கும் குடிக்கிற ஃபில்டர் தண்ணிய பயன்படுத்திப் பாருங்க, ஒரே நாள்ல வித்தியாசம் தெரியும்.

வேற வழி இல்லன்னா வேக வைக்கும்போது ஒரு சிட்டிகை சோடா உப்பு. ஒரு சிட்டிகைனா ரெண்டு விரலுக்குள்ள அடங்கறது. கூடினா சோப்பு ருசி வரும், வைட்டமின் பி1 அழியும், அதனால எனக்கு அது கடைசி வழிதான்.

தண்ணியும் சரியா இருந்து வேகலன்னா கடலை ரொம்ப பழசு. சூடும் ஈரப்பதமும் இருக்கிற இடத்துல மாசக்கணக்கா கிடந்த கடலை உள்ளுக்குள்ள இறுகிடும், எவ்வளவு ஊறினாலும் அது முழுசா இளகாது. பாக்கெட்ல தேதி பார்த்து கொஞ்சமா வாங்கி, காத்துப் புகாத டப்பாவுல போட்டு அடுப்புக்குத் தள்ளி வைங்க.

அப்டேட் 2: ராஜ்மாவுக்கும் இதே முறைதானா?

வரிசை இதேதான், ஆனா ஒரு எச்சரிக்கை இருக்கு. பச்சை ராஜ்மாவுல லெக்டின்ங்கிற நச்சுப் பொருள் அதிகம், சரியா வேகாததுல நாலஞ்சு சாப்பிட்டாலே வாந்தி பேதி வரலாம். தளதளனு கொதிக்கிற தண்ணியில குறைஞ்சது 10 நிமிஷம் கொதிச்சாகணும், நான் பாதுகாப்புக்கு 30 நிமிஷம் கணக்கு வெச்சுக்கிறேன். ஸ்லோ குக்கர்ல பச்சை ராஜ்மாவ நேரா போடவே போடாதீங்க, அந்த மிதமான சூடு நச்ச அழிக்காது. முதல்ல அடுப்புல கொதிக்க வெச்சுட்டு அப்புறம் மாத்துங்க. பிரஷர் குக்கர்ல முழுசா வேக வெச்சா இந்தக் கவலை இல்ல.

அப்டேட் 3: மலைப் பகுதியில இருக்கிறவங்களுக்கு

உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், ஆனா குறைஞ்ச சூட்டுல. 2,000 மீட்டர் உயரத்துல 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும். அங்க திறந்த பாத்திரத்துல கடலை வேகறதுக்குள்ள கேஸ் தீர்ந்துடும், குக்கர்தான் வழி, நேரத்தையும் ஒரு அஞ்சு நிமிஷம் கூட்டிக்கோங்க.

மிச்சம் வைக்கிறது

நான் இப்பல்லாம் ரெண்டு பங்கு கடலைய ஒரே தடவையில வேக வெச்சுடறேன். சமைச்சு 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், அங்க 3, 4 நாள் இருக்கும். மிச்சத்த அந்தத் தண்ணியோடவே சின்னச் சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சா ரெண்டு மூணு மாசம் ருசி மாறாது, தண்ணி இல்லாம உறைய வெச்சா வறண்டு தோல் உரியும். டப்பாவ விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, உறையும்போது தண்ணி விரியும். வேலை முடிஞ்சு வர்ற நாள்ல ஒரு டப்பாவ எடுத்து நேரா 3-வது படிக்குப் போனா, வெங்காயம் வதங்கற நேரம்தான் சமையல் நேரம்.