வாட்டர் சாஃப்ட்னர் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

குழாய் முனைகளில் வெள்ளைப் படிவம், நுரைக்க மறுக்கும் சோப்பு, நாளாக ஆகத் தண்ணீரைச் சூடாக்கத் திணறும் ஹீட்டர். இவற்றோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனவர்கள், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கி மென்மையாக்கும் கருவியான வாட்டர் சாஃப்ட்னர் ஒன்றை வீட்டுக்கு வாங்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலும் அது நல்ல முடிவுதான். ஆனால் தங்கள் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே பலர் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கொடுக்கும் விளம்பரத் தாளில் 'ஒரு சுற்றுக்கு 10,000 லிட்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கருவியை ஒருமுறை கழுவியதிலிருந்து அடுத்த கழுவல் வரை கிடைக்கும் தண்ணீர்தான் ஒரு சுற்று. எவ்வளவு கடினமான தண்ணீரில் 10,000 லிட்டர் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 10,000 லிட்டர் தரும் கருவி, 800 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 2,500 லிட்டரிலேயே ஓய்ந்துவிடும்.

எனவே முதலில் உங்கள் தண்ணீரின் எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பிறகு பார்க்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். கீழே உள்ள எல்லாக் கணக்கையும் நீங்களே போடலாம்.

படி 1: கடினத்தன்மையை அளந்து எழுதுங்கள்

நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மைக்குக் காரணம். இரண்டையும் சேர்த்து, கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவில், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது வழக்கம். பிபிஎம் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அதே அளவுதான். சில கருவிகளில் 'ஒரு காலனுக்கு இத்தனை கிரெய்ன்' என்றிருக்கும், அதை 17.1-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு கிடைத்துவிடும்.

பரவலாகப் பயன்படும் ஒரு வகைப்பாட்டின்படி 60 மில்லிகிராம் வரை மென்மையான நீர். 61 முதல் 120 வரை நடுத்தரம். 121 முதல் 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம். 120-க்குக் கீழே இருந்தால் முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் தேவையில்லை என்பது என் கருத்து. ஹீட்டரை அவ்வப்போது சுத்தம் செய்வதே போதும்.

வீட்டிலேயே அளப்பதற்குச் சொட்டுக் கணக்கில் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. குறியிட்ட அளவு வரை தண்ணீரை எடுத்து, அதனுடன் வரும் திரவத்தையும் நிறங்காட்டிப் பொடியையும் சேர்த்தால் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். பிறகு அடுத்த குப்பியில் உள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வாருங்கள். சிவப்பு முழுதாக மறைந்து தெளிந்த நீலம் வந்ததும் நிறுத்தி, சொட்டுகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் எழுதியுள்ள எண்ணால் பெருக்குங்கள். ஊதா நிறத்திலேயே நிறுத்திவிட்டால் விடை குறைவாக வரும். நிறம் மாறும் காகிதப் பட்டைகளும் உண்டு. ஆனால் அவை தோராயமானவை. கருவியின் அளவைத் தீர்மானிக்க அவற்றை நம்ப வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையை அளக்காது. தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும், அதன் மின்கடத்தும் திறனைக் கொண்டு, மொத்தமாக மதிப்பிடுவதுதான் அதன் வேலை. டிடிஎஸ் 900 உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றின் கடினத்தன்மை 600 ஆகவும் மற்றதில் 150 ஆகவும் இருக்கலாம். டிடிஎஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டுக் கருவியைப் பரிந்துரைப்பவரிடம் கடினத்தன்மையை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கிணற்று நீர், பொது விநியோக நீர் என இரண்டும் வீட்டுக்கு வருமானால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். கிணற்று நீரின் கடினத்தன்மை பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும். உங்களிடம் உள்ள அளவுகளில் மிக அதிகமானதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்து இரும்பு, மாங்கனீசு, கலங்கல், குளோரின் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர், சற்று நேரத்தில் பழுப்பேறினால் அதில் இரும்பு கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பே கறை படியப் போதுமானது. அது கூடக் கூட, சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளின் மேல் படிந்து அவற்றின் ஆயுளைத் தின்னும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு முதலில் இரும்பு நீக்கும் வடிகட்டி, பிறகே சாஃப்ட்னர். மண் கலங்கல் இருந்தாலும் முன்வடிகட்டி கட்டாயம்.

படி 2: சாஃப்ட்னர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

உருளையான தொட்டிக்குள் ரெசின் என்னும் சிறு மணிகள் நிரம்பியிருக்கும். அந்த மணிகளில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் சோடியத்தை எழுப்பிவிட்டு, தண்ணீரில் வரும் கால்சியமும் மெக்னீசியமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எழுந்த சோடியம் தண்ணீரோடு போய்விடுகிறது. இடங்கள் தீர்ந்ததும் அடர்ந்த உப்புக் கரைசலால் ரெசினைக் கழுவி மீண்டும் தயார்படுத்த வேண்டும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள்.

நடப்பது இடமாற்றம் மட்டுமே என்பதால் டிடிஎஸ் குறையாது. உவர்ப்பாக வரும் தண்ணீர் உவர்ப்பாகவே வெளியேறும். கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றுக்கும் இது மருந்தல்ல. அவை உங்கள் கவலை என்றால் வேறு கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

சோடியம் எவ்வளவு கூடும் என்பதற்கும் கணக்கு உண்டு. நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. 400 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுதாக நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம். சோடியம் 200 மில்லிகிராமை நெருங்கும்போது சுவையில் தெரியத் தொடங்கும். உலக சுகாதார அமைப்பு கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. கடின நீர் குடிப்பதற்குத் தீங்கானது என்ற பயமுறுத்தலை நம்பிக் குடிநீர்க் குழாயையும் சாஃப்ட்னரோடு இணைக்க வேண்டியதில்லை. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் தனிக்குழாய் வைத்தே ஆக வேண்டும்.

படி 3: எந்தக் குழாய்களுக்கு வேண்டும்?

ஹீட்டர், வாஷிங் மெஷின், குளியலறை. உண்மையான பயன் இவற்றுக்குத்தான். கழிப்பறைத் தொட்டிக்கு அவ்வளவு அவசியமில்லை. தோட்டத்துக்கு இந்தத் தண்ணீர் போகவே கூடாது. சோடியம் மண்ணின் தன்மையைக் கெடுத்துவிடும். குழாய்கள் தனித்தனியாக ஓடும் வீடாக இருந்தால் இந்தப் பிரிப்பு மட்டுமே கருவியின் அளவையும் உப்புச் செலவையும் வெகுவாகக் குறைத்துவிடும்.

படி 4: ரெசின் எத்தனை லிட்டர்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் நாள் ஒன்றுக்கு எத்தனை லிட்டர் சாஃப்ட்னர் வழியாகப் போகும் என்று பாருங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் ஒரு வாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொண்டு ஏழால் வகுக்கலாம். இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டி எத்தனை முறை நிரம்புகிறது என்று எண்ணுங்கள். தோட்டம் போன்றவற்றுக்குப் போவதைக் கழித்துவிடுங்கள்.

600 லிட்டர் என்றும் கடினத்தன்மை 400 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,40,000 மில்லிகிராம், அதாவது 240 கிராம். இதுதான் உங்கள் வீட்டின் அன்றாடச் சுமை. கருவி ஒவ்வொரு நாளும் பிடித்து நிறுத்த வேண்டியது இவ்வளவு.

இனி ரெசினின் கொள்ளளவு. ஒரு லிட்டர் ரெசினை ஏறக்குறைய 100 கிராம் உப்பால் கழுவினால் அது 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். அதையே 240 கிராம் உப்பால் கழுவினால் 70 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். உப்பு 2.4 மடங்கு ஆனபோது கிடைத்த பலன் ஒன்றரை மடங்குதான் என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் அந்த உச்ச அளவு. '32,000 கிரெய்ன்' என்று விற்கப்படும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம் என்பதால் இது ஏறத்தாழ 2.07 கிலோ. அதற்குள் வழக்கமாக இருப்பது 28 லிட்டர் ரெசின். உப்பை அள்ளிக் கொட்டினால்தான் அந்த அளவு வரும். சிக்கனமாக ஓட்டினால் 1.26 கிலோதான் கிடைக்கும்.

25 லிட்டர் ரெசின் உள்ள கருவியைச் சிக்கன அளவில் ஓட்டினால் 25 × 45 = 1,125 கிராம். நாளொன்றுக்கு 240 கிராம் என்றால் நான்கரை நாட்களுக்குச் சற்றுக் கூடுதல். விருந்தாளிகள் வரும் நாளுக்காக இருப்பில் கொஞ்சம் விட்டு, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் என்று வைத்துக்கொள்ளலாம். என் பார்வையில் நான்கு முதல் ஏழு நாள் இடைவெளி வீட்டுக்குப் பொருத்தமானது. தினமும் கழுவ வேண்டியிருந்தால் கருவி சிறியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் கழுவ நேரும் என்றால் தேவைக்கு மிஞ்சியதை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

படி 5: எப்போது கழுவும், எவ்வளவு உப்பு கேட்கும்?

கையால் வால்வைத் திருப்பிக் கழுவும் வகை, குறித்த நாளில் தானே கழுவும் டைமர் வகை, ஓடிய தண்ணீரை அளந்து தேவைப்படும்போது மட்டும் கழுவும் மீட்டர் வகை என மூன்று உண்டு. டைமர் வகை, நீங்கள் வெளியூர் போயிருந்தாலும் உப்பைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். நான் மீட்டர் வகையைத்தான் பரிந்துரைப்பேன். கழுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒற்றைத் தொட்டிக் கருவியிலிருந்து மென்மையாக்காத தண்ணீர்தான் வரும். அதனால் அந்த நேரத்தை நள்ளிரவுக்கு வைக்கிறார்கள். இரவிலும் தண்ணீர் புழங்கும் வீடு என்றால் இரட்டைத் தொட்டிக் கருவியைப் பாருங்கள்.

உப்புத் திறனைக் கட்டாயம் கேளுங்கள். என்எஸ்எஃப்/ஆன்சி 44 என்ற அமெரிக்கத் தரநிலையில் 'திறன்மிக்கது' என்று மதிப்பிடப்படும் கருவி, ஒரு கிலோ உப்புக்குச் சுமார் 480 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் மாதத்துக்கு 7.2 கிலோ கடினத்தன்மை. அப்படியானால் உப்பு 15 கிலோ. இதை எங்கே வைப்பீர்கள், யார் தூக்கிக் கொட்டுவார்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வேதியியல் கணக்கின்படி ஒரு கிலோ உப்பால் அதிகபட்சம் நீக்க முடிவது சுமார் 855 கிராம். எனவே இந்த வீட்டுக்கு மாதம் ஐந்து கிலோ உப்பே போதும் என்று யாராவது சொன்னால் அது நடக்கவே முடியாத காரியம்.

படி 6: அழுத்தமும் ஓட்டமும்

பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தானியங்கி வால்வு, உப்புக் கரைசலைத் தண்ணீரின் அழுத்தத்தாலேயே உறிஞ்சி எடுக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் கருவி ஓடும், சத்தம் கேட்கும், ஆனால் உப்பு உள்ளே போகாது. ரெசின் கழுவப்படாமலே கிடக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். மாடித் தொட்டி கருவியைவிட 3 மீட்டர்தான் உயரம் என்றால் கிடைப்பது 0.3 பார். கருவியின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். பற்றாக்குறை என்றால் அழுத்தம் கூட்டும் பம்ப்பின் விலையையும் சேர்த்தே கருவியின் விலையாகக் கருத வேண்டும்.

தொட்டிக்கு முன்பே, மோட்டார் ஏற்றும் குழாயில் பொருத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அழுத்தம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ரெசினின் கனஅளவைப் போல மணிக்கு 40 மடங்கு தண்ணீர் வரை ஓடவிடுவதே வழக்கமான வரம்பு. 25 லிட்டர் ரெசினுக்கு அது 1,000 லிட்டர். மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் மோட்டாரை அதில் இணைத்தால், பிடிபட நேரமில்லாமல் கால்சியம் தப்பி ஓடிவிடும்.

படி 7: 'உப்பில்லா' கருவி என்று சொன்னால்

காந்தம், மின் அலை வகைக் கருவிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. படிவதைத் தடுக்கும் என்ற அவற்றின் வாக்குறுதிக்கு உறுதியான சான்று இல்லாததால் நான் அவற்றுக்குப் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். கால்சியத்தை நுண்படிகமாக மாற்றும் வகை வேறு. அது ஹீட்டரில் படிவதைக் குறைக்க உதவக்கூடும். ஆனாலும் தண்ணீரின் கடினத்தன்மை அப்படியேதான் இருக்கும், சோப்பு நுரைப்பதில் மாற்றம் இராது. உங்கள் தேவை ஹீட்டரைக் காப்பது மட்டும்தானா, துணியும் தலைமுடியும் சேர்த்தா என்பதே இங்கே தீர்மானிக்கும்.

படி 8: இடமும் வடிகாலும்

வெயில் நேரடியாக விழாத இடம், மின் இணைப்பு, பழுதானால் தண்ணீரைத் திருப்பிவிட பைபாஸ் வால்வு, கழுவிய உப்புநீர் போக வடிகால். இந்த உப்புநீரைச் செடிகள் பக்கம் விடக்கூடாது. வடிகால் குழாயின் முனை சாக்கடை நீரில் மூழ்காமல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு நீர் பின்னோக்கி ஏற வாய்ப்புண்டு.

படி 9: எழுதி வாங்குங்கள், பிறகு அளந்து பாருங்கள்

ரெசின் எத்தனை லிட்டர், ஒரு முறை கழுவ எத்தனை கிலோ உப்பு, எத்தனை லிட்டர் தண்ணீர், உங்கள் கடினத்தன்மையில் இரு கழுவலுக்கு இடையே எத்தனை லிட்டர் கிடைக்கும், வால்வுக்கும் ரெசினுக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம். விற்பவர் இவற்றைத் தம் கைப்பட எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் போதாது. ரெசின் அளவைச் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பொருத்திய பின் அதே சோதனைப் பெட்டியை எடுத்து இரண்டு முறை அளக்க வேண்டும். முதல் சோதனை, ரீஜெனரேஷன் முடிந்த மறுநாள். அடுத்தது, அடுத்த ரீஜெனரேஷனுக்கு முந்தைய மாலை. கருவியின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும். முதல் நாள் 10 மில்லிகிராமும் கடைசி மாலை 200 மில்லிகிராமும் காட்டினால், ரெசின் பாதி வழியில் தீர்ந்துபோகிறது என்று பொருள். கழுவும் இடைவெளியைக் குறைப்பதா, உப்பு அளவைத் திருத்துவதா, பெரிய கருவியாக மாற்றித் தருவதா என்பதை விற்றவர்தான் சரிசெய்ய வேண்டும். முடிந்தால் பணத்தின் ஒரு பகுதியை இந்த இரண்டாம் சோதனைக்குப் பிறகே தருவதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.