‘வரலாற்றில் இன்று’ போடப் போறீங்களா? ஏப்ரல் 23-ஐ எடுத்து ஒரு தடவை செஞ்சு பார்ப்போம்

ஸ்கூல் அசெம்ப்ளில வாசிக்க, நூலக வாசல்ல இருக்குற போர்டுல எழுத, இல்ல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங் படத்துக்கு பதிலா போட, எதுக்கா இருந்தாலும் ‘வரலாற்றில் இன்று’ எழுதுறது பார்க்க ரொம்ப ஈஸியான வேலை மாதிரி தான் தெரியும். விக்கிப்பீடியால தேதியைத் தட்டுனா நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள்னு பிரிச்சே வச்சிருப்பாங்க, காப்பி பேஸ்ட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். ஆனா இன்னார் பிறந்தார் இன்னார் இறந்தார்னு நாப்பது வரி ஓடுறத யாரும் படிக்கிறதில்ல, அதுல பாதி பேர் யாருன்னே நமக்குத் தெரியாது. அதை விட பெரிய சிக்கல், அதுல சில தேதிங்க லேசா வம்பு புடிச்சதா இருக்கும். முழுத் தப்புன்னும் சொல்ல முடியாது, எந்த நாட்டு காலண்டர், எந்த ஊர் கடிகாரம், எந்த ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்ததுன்னு மூணு கேள்வி கேட்டா தான் வெளிய வரும்.

நான் ஏப்ரல் 23-ஐ எடுத்துக்குறேன், ஏன்னா இந்த வேலைல மாட்டக்கூடிய எல்லா குழியும் அந்த ஒரே நாள்ல இருக்கு.

முதல்ல லிஸ்ட் எடுங்க. தமிழ் விக்கி பக்கம், இங்கிலீஷ் விக்கி பக்கம் ரெண்டையும் திறந்து வச்சுக்கோங்க, ரெண்டுலயும் இருக்குறது ஒண்ணா இருக்காது. ஏப்ரல் 23-க்கு தேடுனா ஷேக்ஸ்பியர், செர்வான்டிஸ், மாக்ஸ் பிளாங்க், பண்டித ரமாபாய், பீகாரோட குன்வர் சிங், துருக்கி நாடாளுமன்றம், சோயுஸ் 1 விண்கலம், சத்யஜித் ராய், எஸ். ஜானகி, யூடியூப்ல ஏறுன முதல் வீடியோ, போரிஸ் யெல்ட்சின் அப்படின்னு கொட்டும். எல்லாத்தையும் ஒரு நோட்ல வருஷ வரிசைல எழுதுங்க. பிறப்பு தனி இறப்பு தனின்னு பிரிக்காதீங்க, இது முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

அடுத்தது சரிபார்க்குற வேலை, நேரம் போறது இங்க தான். ஏப்ரல் 23 வந்தாலே எல்லாரும் ஃபார்வர்ட் பண்ற ஒரு வரி இருக்கு, ‘ஷேக்ஸ்பியரும் டான் குயிக்ஸாட் எழுதிய செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள்’னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நடக்கல. 1582ல போப் 13ஆம் கிரகோரி காலண்டரைத் திருத்துனப்ப அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15-ன்னு பத்து நாளைத் தாண்டிட்டாங்க. செர்வான்டிஸோட ஸ்பெயின் கத்தோலிக்க நாடு, உடனே ஏத்துக்குச்சு. இங்கிலாந்து போப் சொல்லி நாம என்ன கேக்குறதுன்னு பழைய ஜூலியன் காலண்டர்லயே 1752 வரைக்கும் இருந்துச்சு, அந்த வருஷம் தான் செப்டம்பர் 2-க்கு அப்புறம் நேரா செப்டம்பர் 14-ன்னு மாத்துனாங்க. ஆக 1616ல லண்டன்ல ஏப்ரல் 23-ன்னா மாட்ரிட்ல மே 3. ஷேக்ஸ்பியர் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்ரிட்ல ஏப்ரல் 23 வந்தது சனிக்கிழமை. கிழமை ஒத்துப் போகலன்னாலே ரெண்டும் ஒரே நாள் இல்லன்னு தெரிஞ்சு போகும், அதனால பழைய தேதி எது வந்தாலும் கிழமையையும் சேத்துப் பாக்குற பழக்கம் வச்சுக்கோங்க. (புது காலண்டர்ல 400 வருஷத்துக்கு ஒரு தடவை கிழமை அப்படியே திரும்பும், அதனால 1616 மாட்ரிட்டுக்கு 2016 காலண்டரைப் பார்த்தாலே போதும்.)

செர்வான்டிஸ் கதைல இன்னொரு முடிச்சும் இருக்கு. அவர் இறந்தது 22ஆம் தேதி, 23 வந்து மாட்ரிட் சர்ச் பதிவேட்ல அவரை அடக்கம் பண்ணதா இருக்குற தேதி. அதாவது எந்த ரெஜிஸ்டர்ங்குற கேள்வி. பழைய ஐரோப்பியர்களுக்கு நமக்குக் கிடைக்குறது பெரும்பாலும் சர்ச் பதிவு தான், அதுல பிறந்த நாள் இருக்காது, ஞானஸ்நானம் குடுத்த நாள் இருக்கும், இறந்த நாள் இருக்காது, அடக்கம் பண்ண நாள் இருக்கும். ஷேக்ஸ்பியர் பிறந்தது ஏப்ரல் 23-ன்னு ஊரே சொல்லுது, பதிவேட்ல இருக்குறது 1564 ஏப்ரல் 26 அன்னிக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு சர்ச்ல ஞானஸ்நானம்ங்குறது மட்டும் தான். ரெண்டு மூணு நாள் முன்னாடி பிறந்திருப்பார், இங்கிலாந்தோட காவல் புனிதர் செயின்ட் ஜார்ஜுக்கும் அன்னிக்கு தான் திருநாள், இறந்ததும் அதே 23, அப்போ பிறந்ததும் 23-ன்னு வச்சுட்டா அழகா இருக்கும்ல, அப்படி ஒட்டிக்கிட்டது தான். இறப்பு தேதிக்கு அந்தப் பிரச்சனை இல்ல, அந்த சர்ச்லயே அவரோட நினைவுச் சின்னத்துல 1616 ஏப்ரல் 23-ன்னு செதுக்கி இருக்கு. அதனால இறப்பைத் தைரியமா போடலாம், பிறப்பைப் போட்டா ‘மரபா கொண்டாடுற நாள்’னு ஒரு வார்த்தை சேருங்க.

யுனெஸ்கோ 1995ல ஏப்ரல் 23-ஐ உலக புத்தக நாளா அறிவிச்சதுக்கு இந்த ரெண்டு பேரையும் தான் காரணமா சொல்றாங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே கட்டலோனியால, நம்ம பார்சிலோனா இருக்குற பகுதி, அன்னிக்கு ரோஜாவும் புத்தகமும் குடுத்துக்குற வழக்கம் இருக்கு. எனக்கு யுனெஸ்கோ அறிவிப்பை விட இதைப் போடுறது பிடிக்கும், புத்தகத்தை வித்து ரோஜாவும் விக்குற ஊர்னு சொன்னா பசங்க நிமிர்ந்து கேப்பாங்க.

கடிகார விஷயத்துக்கு வருவோம். யூடியூப்ல முதல் வீடியோ, அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜாவேத் கரீம் சான் டியகோ மிருகக்காட்சி சாலைல யானைக்கு முன்னாடி நின்னு பேசுற 19 செகண்ட் துண்டு, அது 2005 ஏப்ரல் 23. ஆனா ஏறுனது கலிஃபோர்னியால ராத்திரி நேரம், அப்போ இந்தியால 24ஆம் தேதி காலைல ஆயிடுச்சு. இதே மாதிரி தான் நிலாவுல இறங்குனதும். அமெரிக்காக்காரன் 1969 ஜூலை 20-ன்னு எழுதுவான், நம்ம கடிகாரத்துல அப்போ 21ஆம் தேதி ராத்திரி 1.47. இதுக்கு நான் வச்சிருக்குற முறை, சம்பவம் நடந்த இடத்து தேதியைப் போடணும், நிலா மாதிரி சொந்த தேதி இல்லாத இடம்னா வேலையை நடத்துன நாட்டு தேதி. இந்திய நேரத்தை மாத்திக் கணக்கு போட ஆரம்பிச்சா உங்க லிஸ்ட் உலகத்துல யாரோட லிஸ்ட்டோடயும் ஒத்துப் போகாது.

சோவியத் விண்கலம் சோயுஸ் 1-ல வேற மாதிரி. 1967 ஏப்ரல் 23 விடியக்காலைல கிளம்புச்சு, போன உடனே ஒரு சோலார் பேனல் விரியல, அதுக்கப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு கோளாறு, மறுநாள் இறங்கும்போது பாராசூட் சரியா விரியாம தரைல மோதி விளாதிமிர் கமரோவ் இறந்துட்டார், விண்வெளிப் பயணத்துல இறந்த முதல் மனுஷன் அவர் தான். ஏப்ரல் 23-ல ‘கமரோவ் இறந்த நாள்’னு போட்டா தப்பு, கிளம்புன நாள்னு தான் போடணும், இறப்பு 24-க்கு. ரெண்டு நாள் தாண்டி நடக்குற எதுலயும் இதைக் கவனிங்க. பேப்பர் ஆர்க்கைவ்ல இருந்து எடுக்குறவங்களுக்கும் இதே தான், பேப்பர் மேல இருக்குற தேதி செய்தி வந்த தேதி, நடந்தது முந்தின நாளா இருக்கும்.

நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா பாரதியார். 1921 செப்டம்பர் 11 ராத்திரி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்குல தான் உயிர் போச்சு, மாநகராட்சி பதிவுல 12-ன்னு இருக்கு, ஆனா விடியுற வரைக்கும் முந்தின நாள் கணக்குன்னு பாக்குற நம்ம பழக்கத்துல 11-ன்னே நிலைச்சுடுச்சு, 2021ல தமிழ்நாடு அரசு மகாகவி நாள்னு அறிவிச்சதும் செப்டம்பர் 11 தான். இந்த மாதிரி இடத்துல ஒரு பக்கம் சாய வேண்டாம், 11-ல போட்டு ‘நள்ளிரவுக்குப் பின், அதாவது 12 அதிகாலை’ன்னு எழுதிட்டா சண்டைக்கு யாரும் வர மாட்டாங்க. வருவாங்க, ஆனா கம்மியா வருவாங்க.

ராஜராஜ சோழன் பிறந்தநாளை இங்கிலீஷ் தேதில தேடிட்டு இருக்காதீங்க. ஐப்பசி சதயம்ங்குறது நட்சத்திரம், வருஷா வருஷம் தேதி நகரும், அந்த வருஷத்து பஞ்சாங்கம் பார்த்து தான் போடணும். பிப்ரவரி 29-ம் ஒரு தலைவலி, மொரார்ஜி தேசாய் (1896), மதுரைல பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904) ரெண்டு பேரும் அந்த நாள்காரங்க. லீப் வருஷம் இல்லாதப்ப 28-லயே போட்டு, உண்மையான தேதி 29-ன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதிடுங்க. இதுல ஒரு சுவாரஸ்யம், 1900 லீப் வருஷம் கிடையாது, அதனால மொரார்ஜிக்கு பிறந்ததுக்கப்புறம் முதல் பிப்ரவரி 29 வரவே எட்டு வருஷம் ஆச்சு, அது வந்த அன்னிக்கு தான் ருக்மிணி தேவி பிறந்தாங்க.

இப்ப வருஷ வரிசைல எழுதச் சொன்னதுக்கு வர்றேன். அப்படி எழுதுனா தான் 1858 கண்ணுல படும். அதே வருஷம் அதே ஏப்ரல் 23-ல ஜெர்மனி கீல் நகரத்துல மாக்ஸ் பிளாங்க் பிறக்குறார், பின்னாடி குவாண்டம் கோட்பாட்டுக்கு வழி திறந்து விட்டவர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல, இப்போதைய கர்நாடகா பக்கம், ரமாபாய் பிறக்குறாங்க, அப்பாவும் அம்மாவும் அந்தக் காலத்துலயே பெண் பிள்ளைக்கு சமஸ்கிருதம் சொல்லிக் குடுக்க, வளர்ந்து விதவைப் பெண்களுக்காக முக்தி மிஷன் நடத்துனவங்க. பீகார்ல ஜகதீஷ்பூர் கிட்ட 80 வயசை ஒட்டுன, 1857 கிளர்ச்சித் தலைவர்கள்ல ஒருத்தரான குன்வர் சிங் கிழக்கிந்தியக் கம்பெனி படையைத் தோக்கடிச்சு தன் கோட்டைக்குள்ள திரும்பப் போறார், மூணு நாள்ல காயத்தால இறந்துடுறார். குண்டு பட்ட கையைத் தானே வெட்டி கங்கையில விட்டார்ங்குற கதையை பீகார்ல எல்லாரும் சொல்வாங்க, அதை ‘சொல்லப்படுது’ன்னு தான் எழுதணும். பிறப்பு ஒரு பக்கம் இறப்பு ஒரு பக்கம்னு பிரிச்ச லிஸ்ட்ல இந்த மூணும் மூணு மூலைல கிடக்கும், யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பதிவுக்கு இது ஒண்ணே போதும்னு சொல்வேன்.

எத்தனை போடலாம்? என் கணக்கு அஞ்சு, மிஞ்சிப் போனா ஆறு. அதுலயும் யார் படிக்கிறாங்கன்னு பார்த்து எடுங்க. ஸ்கூல்னா துருக்கி கண்டிப்பா வரணும், 1920 ஏப்ரல் 23 அங்காரால நாடாளுமன்றம் கூடுன நாளை அங்க குழந்தைகள் தினமாவும் கொண்டாடுறாங்க, அன்னிக்கு பசங்களுக்கு லீவு. பெரியவங்க குரூப்னா 1985ல கோககோலா ஃபார்முலாவை மாத்துறோம்னு அறிவிச்சு, ஜனங்க திட்டித் தீர்த்து, 79 நாள்ல பழசையே திரும்ப கொண்டு வந்த கதை நல்லா போகும். ரஷ்ய அதிபரா இருந்த யெல்ட்சின் இறந்தது 2007ல, உண்மை தான், ஆனா ஏன் இன்னிக்கு படிக்கணும்னு ஒரு வரில சொல்ல முடியல, அதனால விட்டுட்டேன். சினிமாக்காரங்க பிறந்தநாளை மட்டுமே நிரப்பாதீங்க, ஒண்ணு போதும், அது எஸ். ஜானகியா இருந்தா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

வயசுக் கணக்குல நிறைய பேர் சறுக்குவாங்க. 1921ல பிறந்தவர் 2021ல நூறு முடிக்கிறார், நூற்றாண்டு ‘தொடக்கம்’ 2020. எழுதுறப்போ ‘நூறு வருஷம் முடியுது’ன்னு நேரா எழுதிட்டா குழப்பம் இல்ல. அப்புறம் இறப்பா பிறப்பாங்குறதை வரியோட முதல் வார்த்தைலயே சொல்லிடணும், கடைசில சொன்னா அதுக்குள்ள யாராவது கேக் படம் போட்டு வாழ்த்துக்கள் சொல்லிடுவாங்க, எல்லா குரூப்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார்.

எழுதி முடிச்சா கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

ஏப்ரல் 23

மறைவு, 1616: நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர். இங்கிலாந்தோட பழைய காலண்டர் தேதி இது, இப்போதைய கணக்குல மே 3.

ஒரே நாள் மூணு ஊர், 1858: பிறப்பு மாக்ஸ் பிளாங்க், பிறப்பு பண்டித ரமாபாய், குன்வர் சிங்கோட கடைசி வெற்றி.

நிகழ்வு, 1920: அங்காராவில் துருக்கி நாடாளுமன்றம் முதல் கூட்டம், அங்க இன்னிக்கு குழந்தைகள் தினம்.

பிறப்பு, 1938: பாடகி எஸ். ஜானகி, ஆந்திராவில்.

மறைவு, 1992: சத்யஜித் ராய், கொல்கத்தாவில். கொஞ்ச நாள் முன்னாடி தான் ஆஸ்பத்திரிப் படுக்கையிலயே கௌரவ ஆஸ்கர் வாங்குனார்.

இவ்ளோ தான், போன் ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிச்சுடலாம். போட்டதை அழிக்காம ஒரு எக்செல்லயோ நோட்லயோ மாசம், தேதி, வருஷம், விஷயம், எங்க பார்த்தோம், சந்தேகம் உண்டான்னு பத்தி பிரிச்சு வச்சுக்கோங்க, விட்டுப்போன யெல்ட்சின் மாதிரி ஆளுங்களையும் அதுலயே ஒரு ஓரமா. அடுத்த வருஷம் அதே அஞ்சைப் போடாம வேற அஞ்சு எடுக்கலாம், யாராவது ஆதாரம் கேட்டா உடனே காட்டலாம். நாளைக்கு போட வேண்டியதை இன்னிக்கு சாயங்காலமே முடிச்சுடுங்க, காலைல காப்பி குடிச்சுக்கிட்டே பண்ணலாம்னு விட்டா திரும்ப காப்பி பேஸ்ட்ல தான் போய் நிக்கும்.