ஏ.ஏ. கூட்டம் உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது? தேடிப் பிடிக்கும் வழி

"குடியை விட்டுடலாம்னு இருக்கேன்" என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அந்த வாரமே அவரை ஒரு ஏ.ஏ. கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. என் அண்ணனுக்காகத் தேடியபோது அது 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய கதையெல்லாம் எளிதாகக் கிடைத்தது. நம்ம ஊரில் எந்தக் கட்டடம், எத்தனை மணி என்பதுதான் கிடைக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. கூட்டம் அதற்குப் பிறகு.

படி 1: எண்ணைப் பிடியுங்கள்

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். கூகுள் மேப்பை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குழு இடம் மாறியிருக்கும், மேப்பில் பழைய இடமே நிற்கும். அதோடு, 'ஏ.ஏ.' என்று தேடினால் காசு வாங்கும் தனியார் மறுவாழ்வு மையங்கள்தான் மேலே வரும். ஏ.ஏ.வில் கட்டணமே கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம், அவ்வளவுதான். அட்மிஷன் ஃபீஸ் என்று யாராவது பேசினால் அது ஏ.ஏ. இல்லை.

தளம் குழப்பினால் 14446-ஐ அழையுங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் அது. பக்கத்தில் என்ன உதவி இருக்கிறது என்று கேட்கலாம்.

படி 2: குழுவுக்குப் போன் பண்ணுங்கள்

எல்லோரும் தாண்டிப் போக நினைப்பது இந்தப் படியைத்தான். முகவரி கையில் இருக்கிறதே, நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோ கூடுவார்கள். வாசலில் போர்டு இருக்காது. நாங்கள் போன இடத்தில் பள்ளியின் பின்பக்க மாடிப்படிக்கு அடியில், நோட்டு அட்டை அளவுக்கு ஒரு காகிதத்தில் 'ஏ.ஏ.' என்று எழுதி ஒட்டியிருந்தது. தெரியாதவர் கண்ணில் படவே படாது. "இங்கே குடியை விடுறவங்க கூட்டம் எங்கே?" என்று வாட்ச்மேனிடம் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் கேட்டோடு திரும்பிவிடுவார்கள்.

எதிர்முனையில் பேசுபவரும் குடியை விட்ட ஒருவர்தான், ஆபீஸ் ஆள் இல்லை. வேலைக்குப் போகிறவராக இருப்பார், பகலில் எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் திரும்பக் கூப்பிடுங்கள். வாட்ஸாப்பில் செய்தி போட்டுக் காத்திருக்காதீர்கள், குரல் கேட்டால்தான் தைரியம் வரும். பேச வராவிட்டால் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, முதல் தடவை வரோம். இன்னிக்கு மீட்டிங் இருக்கா? கேட்ல யாராவது நிக்க முடியுமா?" கட்டாயம் நிற்பார்கள். புதிதாக வருபவரை அழைத்துப்போக அவர்கள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நம்பரை டயல் பண்ணிக் கொடுப்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். பேச வேண்டியவர் குடிப்பவர். அண்ணன் போனை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நான் பேசியிருந்தால் அவர் கிளம்பியிருக்க மாட்டார்.

படி 3: ஓப்பனா, குளோஸ்டா?

போனிலேயே கேட்டுவிடுங்கள். குளோஸ்டு கூட்டத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும்தான் உட்காரலாம், கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும். ஓப்பன் கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம்.

படி 4: முதல் நாள்

குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், உறுப்பினராகலாம். ஃபாரம், ஆதார் எதுவும் கேட்க மாட்டார்கள். தங்கள் அனுபவத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் விட்டுவிடுவார்கள். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். சென்னை போன்ற ஊர்களில் பல குழுக்கள் உண்டு.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களா?" இல்லை. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல, இடம் கிடைப்பதால் அங்கே கூடுகிறார்கள். கடவுள் பற்றிய பேச்சு வரும், அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சகோதரி தனக்காகவே கேட்டிருந்தார். பெண்கள் தாராளமாகப் போகலாம். போன் பண்ணும்போதே "பெண் உறுப்பினர் யாரிடமாவது பேசணும்" என்று கேளுங்கள், இணைத்துவிடுவார்கள்.

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டவர்களுக்கு: சொல்ல மாட்டேன். அங்கே வருகிறவர்கள் பெயர் வெளியே தெரியாது என்ற நம்பிக்கையில் வருகிறார்கள்.

சின்ன ஊர், பக்கத்தில் குழுவே இல்லை என்றால் அருகிலுள்ள நகரத்துக் குழுவுக்குப் போன் செய்து தமிழில் ஆன்லைன் கூட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். அவர் வரவே மறுக்கிறார் என்றால் நீங்கள் மட்டுமாவது அல்-அனான் கூட்டத்துக்குப் போங்கள், அது குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது. என் அண்ணி இன்றும் போகிறார்.