நிரம்பி வழியும் அலுவலக இன்பாக்ஸை ஒரே மாலையில் சீர்செய்வது எப்படி?

திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருங்கிணைப்பவராக, இருக்கிறேன். நூல் வாங்குவது முதல் சரக்கு கப்பலேறுவது வரை எங்களுக்கு எல்லாமே மின்னஞ்சலில்தான். ஒருமுறை லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமேற்றிய சிறு துணி மாதிரி) ஒப்புதலுக்காகச் சாயப்பட்டறையில் துணி மூன்று நாள் காத்துக்கிடந்தது. கேட்டவர்களிடமெல்லாம் "பையர் இன்னும் பதில் போடவில்லை" என்று, ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் முதல் நாளே வந்து, என் இன்பாக்ஸில் 4,300 மின்னஞ்சல்களுக்கு இடையே கிடந்திருக்கிறது! அன்று மாலை உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜிமெயிலை வைத்து விளக்குகிறேன். கணினியில் செய்யுங்கள், கைபேசியில் இரண்டாம் படியிலேயே பொறுமை போய்விடும்.

படி 1: நடப்பு வேலைகளைப் பிடித்துவையுங்கள்

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணையும் தேடல் பெட்டியில் இட்டு, நீங்கள் பதில் சொல்ல வேண்டிய மின்னஞ்சலுக்கு மட்டும் நட்சத்திரக் குறி இடுங்கள். எனக்குப் பதினொரு ஆர்டர்கள், அரை மணி நேரம் ஆயிற்று. வழியில் கண்ணில் படும் மற்றவற்றைத் திறக்காதீர்கள். திறந்தால் அன்றைய மாலை அதோடு போயிற்று.

படி 2: பழையதை மொத்தமாக ஒதுக்குங்கள்

இதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஆர்க்கைவ் செய்வது அழிப்பது அல்ல. மின்னஞ்சல் இன்பாக்ஸை விட்டு நகர்கிறது, அவ்வளவுதான். 'ஆல் மெயில்' பகுதியில் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும். யாராவது அதற்குப் பதில் எழுதினால் மொத்த உரையாடலும் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும்.

தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் எங்கே தேட வேண்டும் என்ற இடத்தில் இன்பாக்ஸைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். முடிவுகளுக்கு மேலே, காலத்தைக் குறிக்கும் பொத்தான் ஒன்று தெரியும். அதில் 'ஒரு மாதத்துக்கு முந்தையவை' என்ற பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பட்டியலின் தலைப்பில் உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த டிக் கண்ணெதிரே உள்ள பக்கத்தை மட்டுமே, வழக்கமாக 50 உரையாடல்களை மட்டுமே, பிடிக்கும். அதே நேரத்தில் பட்டியலுக்கு மேலே, தேடலில் கிடைத்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு வரி தோன்றும். அதையும் அழுத்த வேண்டும். அது தெரியாமல் நான் ஐம்பது ஐம்பதாகப் பத்துப் பதினைந்து முறை தள்ளியிருக்கிறேன். கடைசியாகக் கீழ்நோக்கிய அம்புள்ள பெட்டிக் குறியை அழுத்துங்கள். நட்சத்திரமிட்ட பழைய மின்னஞ்சல்களும் கூடவே நகரும். ஆனால் இடப்பக்கத்து நட்சத்திரப் பட்டியலில் அவை பத்திரமாக இருக்கும்.

ஒதுக்கியவற்றைப் பையர் வாரியாக லேபிள் போட்டு அடுக்க உட்காராதீர்கள். நாற்பது லேபிள் போட்டுப் பார்த்தேன். எதை எதில் வைத்தேன் என்று தேடுவதே தனி வேலையாயிற்று.

படி 3: தானியங்கி மின்னஞ்சல்களை வாசலிலேயே திருப்புங்கள்

கூரியர் நகர்வு, வருகைப்பதிவு அறிவிப்பு, கண்காட்சி அழைப்பு போன்றவற்றை யாரும் பதில் எதிர்பார்த்து அனுப்புவதில்லை. அதே தேடல் படிவத்தில் அனுப்புநர் முகவரியை இட்டு ஃபில்ட்டர் உருவாக்குங்கள். இன்பாக்ஸைத் தவிர்க்கும் தெரிவையும், ஏற்கெனவே வந்தவற்றுக்கும் இதைப் பொருத்தும் தெரிவையும் டிக் செய்தால் போதும்.

படி 4: உங்களுக்கென்றே வந்தது எது?

எங்கள் அலுவலகத்தில் பட்டன் அறுந்தாலும் பதினைந்து பேருக்கு நகல் போகும். ஜிமெயில் அமைப்புகளில், பொதுப் பகுதியில், அம்புக்குறி காட்டும் ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் முகவரிக்கு வந்ததன் அருகில் ஒற்றை அம்பும், உங்களுக்கு மட்டுமே வந்ததன் அருகில் இரட்டை அம்பும் தெரியும். காலையில் நான் இரட்டை அம்புகளை மட்டும் முதலில் பார்க்கிறேன். பையரின் ஒப்புதல் எனக்கு நேராக வந்திருந்தால் அங்கேயே சிக்கிவிடும்.

படி 5: தலைப்பு வரியைத் திருத்துங்கள்

லேபிள் இல்லாமல் தேடலை நம்புவதென்றால் தேடக்கூடிய சொல் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். 'அவசரம்', 'நினைவூட்டல்' என்ற தலைப்புகளால் ஒரு பயனும் இல்லை. ஸ்டைல் எண் (ஆடை வடிவமைப்பின் எண்), வேலையின் பெயர், தேவைப்படும் நாள் ஆகிய மூன்றும் தலைப்பில் இருக்கட்டும்: '2417 – லேப் டிப் ஒப்புதல் – வியாழனுக்குள்'. லேப் டிப்புக்குத் தொடங்கிய உரையாடலிலேயே பேக்கிங் லிஸ்ட் (பெட்டிகளில் உள்ள சரக்கின் பட்டியல்) வரை பேசிக்கொண்டு போகாதீர்கள். நான் தவறவிட்ட ஒப்புதல் அப்படியொரு நீண்ட உரையாடலின் வாலில்தான் இருந்தது. புது வேலைக்குப் புதுத் தலைப்பு வைத்தால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். என் தையல் யூனிட்காரர்களுக்கு இதைப் பழக்க இரண்டு மாதம் பிடித்தது. ஒருவர் இன்னும் 'சார்' என்று மட்டுமே தலைப்பு வைக்கிறார்.

படி 6: இன்று செய்ய முடியாததை மறையுங்கள்

கடிகாரக் குறியை அழுத்தி நாளும் நேரமும் குறித்தால், அந்த மின்னஞ்சல் மறைந்து குறித்த நேரத்தில் மீண்டும் மேலே வரும். திங்கட்கிழமை வரவேண்டிய சாம்பிளைப் பற்றி வெள்ளிக்கிழமை கவலைப்படத் தேவையில்லை.

அழிப்பதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாளில் நிரந்தரமாக அழிந்துவிடும். இன்வாய்ஸ் போன்ற கணக்கு ஆவணங்களையோ, ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இடப் பற்றாக்குறை என்றால், தேடல் படிவத்தில் 10 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தேடிப் பாருங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரே சாம்பிளின் ஏழெட்டுப் படங்களாகத்தான் இருக்கும்.