‘தில்லானா மோகனாம்பாள்’: பாட்டு வந்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீட்டில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டோம். ‘நலந்தானா’ ஆரம்பித்ததும், பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் ரிமோட்டை எடுத்தான். “பாட்டுதானே மாமா, தள்ளிவிடட்டுமா?”

ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த இந்தப் படத்துக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் அதுதான். இவருக்குக் கதை நடப்பதே கச்சேரியில். நாதஸ்வரக்காரன் சண்முகசுந்தரமும் (சிவாஜி) நாட்டியக்காரி மோகனாவும் (பத்மினி) ஊர் பார்க்க, சபை நடுவில்தான் மனசைத் திறந்தாக வேண்டும். கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்தவன் மறுபடி நாதஸ்வரம் வாசிக்கிறான். அவள் ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். கூட்டத்துக்கு அது அபிநயம், அவனுக்கு மட்டும் கேள்வி. பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை, உதட்டில் நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி இருக்கிறது. கண்தான் பேச வேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பதும் இதனால்தான் சிக்கலாகிறது. அவர்கள் கண் திரையின் அடியில் ஓடும். சிவாஜியும் பத்மினியும் பேசுவதோ மேலே. ரயில் பெட்டிக் காட்சியில் எழுத்தை மட்டும் படித்தால் பாதிக் காதல் போய்விடும். அந்த இடத்தில் மட்டுமாவது சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். புரியாததை அப்புறம் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

“நாடகம் மாதிரி இருக்கு” என்பார்கள். நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர்தான். அதைக் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பலரை ஒரே ஃப்ரேமுக்குள் உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தையும் பார்க்கவிடுவது அந்த மேடை தந்த பலம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தவில்காரர் கண் நாதஸ்வரக்காரர் முகத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். தவில்காரராக வரும் டி.எஸ். பாலையாவிடம் அந்தப் பார்வையைத் தேடிப் பாருங்கள்.

நாதஸ்வரம் வாசித்தது சிவாஜி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த விரலும் உப்பிய கன்னமும்தான் சிவாஜியுடையவை.

கடைசியாக, சத்தம். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் போட்டால் பக்கத்து வீட்டுக்காக ஒலியைக் குறைத்துவிடுவோம், தவில் செத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுங்கள்.